விசாரணை அறையில் சொன்ன பதில்

வேன் தொழிற்சாலைக் கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. கல் வந்து விழுந்தால் தடுக்கட்டும் என்று ஜன்னல்களில் கோணிப்பையை வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கோணியில் பருத்திக்கொட்டை வாசம். உள்ளே ஆபீஸ் ஆட்கள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

“என்னப்பா, வண்டிய எடு” என்றார் முன்னால் இருந்த பெர்சனல் ஆபீசர்.

“எப்படி சார் எடுக்கிறது? பொம்பள ஒண்ணு குறுக்க உக்காந்திருக்கு” என்றார் டிரைவர்.

கோணியை விரலால் விலக்கிப் பார்த்தேன். பேக்கிங் செக்‌ஷன் பேச்சியம்மா, தார் இளகுகிற வெயிலில் சாலை நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வேலைநிறுத்தக்காரர்கள். கேட் ஓரமாகப் போலீஸ்காரர்கள், லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எப்போது சொல்வார்கள் என்று காத்திருந்தார்கள்.

கூட்டத்திலிருந்து தவமணி வந்தார். மரை போடும் மிஷின் ஓட்டுபவர். சங்கத்தின் கிளைச் செயலாளர். குனிந்து பேச்சியம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“எந்திரிக்கா. இன்னைக்கு அடிவாங்குற நாளு இல்ல.”

பேச்சியம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். வேனின் பக்கவாட்டில் நடந்து வந்தவர், நான் விலக்கியிருந்த சந்தின் வழியாக என்னைப் பார்த்துவிட்டார்.

“ஏ டைப்பு, நீயுமா போற? போ தாயி, போ. உள்ள பேன் காத்து நல்லா வரும்” என்றார். சத்தம் போடவில்லை. ஊர் விசேஷத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

அவருக்குப் பின்னால் தவமணி நின்றார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத யாரையோ பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேன் உள்ளே போனது. அன்று மத்தியானம் வரை நான் டைப் அடித்த எதிலும் பிழை இல்லாத வரி ஒன்றுகூட இல்லை.

இந்தத் தொடரில் போன வாரம், கப்பலூரில் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த பழைய சிநேகிதி ஒருத்தி, “அந்த வேனப் பத்தி எழுதுவியா, முழுங்கிருவியா?” என்று கேட்டாள். எழுதத்தான் போகிறேன். ஆனால் வேனுக்கு முன்னால் ஒரு கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தகரக் கதவு

நட்டும் போல்ட்டும் செய்கிற தொழிற்சாலை அது. எழுபதுகள் முடியப்போகிற சமயம். ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். எனக்கென்று தனிக் கழிப்பறை கிடையாது. பேக்கிங் செக்‌ஷன் பெண்களுக்குக் காம்பவுண்டு மூலையில் ஒன்று இருந்தது. நானும் அங்கேதான் போக வேண்டும். அதற்குக் கதவு இல்லை. ஒரு கிழிந்த சாக்கு தொங்கும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும்.

அந்த வெட்கத்துக்காகவே, காலையில் வீட்டில் குடிக்கிற காப்பியோடு சரி. சாயங்காலம் சிம்மக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுப் படி ஏறும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். சித்திரை வெயிலில் தலை சுற்றி டைப்ரைட்டர் மேல் சாய்ந்ததும் உண்டு. யாரிடம் சொல்வது? மேனேஜரிடம் போய் இதையா பேசுவது?

அந்த வருஷம் சங்கம் தன் கோரிக்கைகளைக் கொடுத்தது. சம்பள உயர்வு, பஞ்சப்படி, கையுறை என்று வந்து, கடைசியில் பெண்கள் கழிப்பறைக்குக் கதவு என்று ஒன்று. மேனேஜர் அறையில் அதை வாய்விட்டுப் படித்துச் சிரித்தார்கள். “கதவுக்கு ஒரு ஸ்டிரைக் பண்ணுவாங்களோ?” என்றார் ஒருவர். குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த எனக்குக் காது மடல் சுட்டது.

செலவு குறைவு என்பதாலோ என்னவோ, அது ஒன்றை மட்டும் உடனே கொடுத்தார்கள். ஒரு தகரக் கதவு வந்தது. சில நாள் கழித்து, சங்கத்தின் கடிதத்துக்கு முத்திரை வாங்கத் தவமணி என் மேசைக்கு வந்தார். அதுவரை அவரிடம் நான் பேசியதெல்லாம் “அங்க வைங்க”, “நாளைக்கு வாங்க” என்பதுதான். முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் நகரவில்லை.

“ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிறாதீக.”

“கேளுங்க.”

“அந்தக் கதவுல தாழ்ப்பா சரியா விழுகுதா? அவசரத்துல வச்சு அடிச்சாங்க. நான் போயி பாக்க முடியாதுல்ல.”

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆனால் அவர் கேலியாகக் கேட்கவில்லை. போல்ட்டில் மரை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற முகம்.

“கொஞ்சம் இழுத்துப் போட வேண்டியிருக்கு” என்றேன்.

“அப்பச் சரி. சீர்பண்ணச் சொல்லிர்றேன்.”

போய்விட்டார். அந்தக் கதவை யார் கேட்கச் சொன்னார்கள் என்று பிறகு பேச்சியம்மாவிடம் விசாரித்தேன். “நாங்கதான் சொன்னோம். மத்தவனா இருந்தா பல்ல இளிப்பான். அந்தத் தம்பி தலையக் குனிஞ்சுக்கிட்டே கேட்டு எழுதிக்கிச்சு” என்றார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்தேன்.

ரோட்டின் இரண்டு பக்கம்

நான் மதுரையிலிருந்து பஸ்ஸில் வருவேன். தவமணிக்குச் செக்கானூரணிப் பக்கம் ஒரு கிராமம். திருமங்கலம் வந்து பஸ் மாறி வருவார். இரண்டு பஸ்ஸும் ரோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும். அங்கிருந்து தொழிற்பேட்டைக்குள், கருவேல மரங்களுக்கு நடுவே புழுதியில் நடக்க வேண்டும்.

முதலில் அவர் முன்னால் போய்விடுவார். பிறகு மெதுவாக நடந்தார். பிறகு பக்கத்தில் நடந்தார். இதெல்லாம் எப்போது எப்படி மாறியது என்று என்னால் சொல்ல முடியாது.

பேசினோம் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. அவர் வீட்டுப் பருத்தியில் விழுந்த புழுவைப் பற்றி, சங்கத்தில் சேர்ந்ததற்காக அவருடைய அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டது பற்றி. நான் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அப்பா முனிசிபல் பள்ளி ஆசிரியர். வீட்டில் யாராவது ‘ழ’வைச் சரியாக உச்சரிக்கவில்லையென்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“அப்ப நான் உங்க வீட்டுக்கு வந்தேன்னா மனுசன் பட்டினிதான்” என்றார் தவமணி.

இரண்டு பேரும் சிரித்தோம். ‘வந்தால்’ என்று அவர் சொன்னதை இரண்டு பேருமே கவனித்திருந்தோம்.

கோடையில் அவர் ஊர்ப் பக்கத்து வெள்ளரிப்பிஞ்சு வரத் தொடங்கியது. எனக்கு நேராகக் கொடுக்க மாட்டார். ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸ் ஜன்னலில் காகிதப் பொட்டலமாக வைத்து, “பாய், உங்களுக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார். டைம் ஆபீஸ் கிளார்க் காதர் பாய் கோரிப்பாளையத்துக்காரர். மேல்வரிசைப் பல் முக்கால்வாசி போய்விட்டது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வருவார்.

“எனக்குன்னு சொல்லி வச்சுட்டுப் போறான் பேட்டி. நான் எதை வச்சுக் கடிக்க? இது யாருக்கு வந்ததுன்னு அல்லாவுக்கு வெளிச்சம்” என்று வைத்துவிட்டுப் போவார். பேட்டி என்றால் மகளே என்று அர்த்தம். அலுவலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

பிஞ்சை உப்புத் தொட்டு ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டே டைப் அடிப்பேன். சத்தம் வெளியே கேட்காமல் கடிக்க வேண்டும். அது ஒரு தனி வித்தை.

கால் வழுக்கிய இடம்

மற்ற கோரிக்கைகளில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. தொழிலாளர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். மேலிருந்து திட்டு வாங்கிய சூப்பர்வைசர்கள் அதைக் கீழே இறக்கினார்கள்.

ஒரு நாள் காலை போர்மேனிடம் கையெழுத்து வாங்க ஒர்க்‌ஷாப்புக்குள் போனேன். மிஷினை ஒட்டிய இரும்பு மேடையில் நின்றுகொண்டு சூப்பர்வைசர் ராமலிங்கம் தவமணியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். “சங்கம் சோறு போடுமாடா?” என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. ராமலிங்கம் அதே கோபத்தோடு திரும்பிப் படியில் கால் வைத்தார். அந்த இடத்தில் எப்போதும் எண்ணெய் வழிந்து கிடக்கும். கால் வழுக்கியது.

தவமணி எட்டிப் பிடித்தார். அவர் கையில் அகப்பட்டது சட்டைக் காலர். அது கிழிந்து கையோடு வந்துவிட்டது. ராமலிங்கத்தின் தலை மிஷின் விளிம்பில் மோதியது.

நான் பக்கவாட்டில் நின்றேன். கால் வழுக்கியதும், அதன் பிறகே கை நீண்டதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சத்தம் கேட்டுத் திரும்பிய மற்றவர்கள் பார்த்தது வேறு: தவமணியின் கையில் காலர், கீழே ரத்தம்.

சாயங்காலத்துக்குள், விசாரணை முடியும்வரை என்று அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். ‘மேலதிகாரியைத் தாக்கிக் கீழே தள்ளியதாக’ என்று பெர்சனல் ஆபீசர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். எழுதாமல் நிமிர்ந்தேன்.

“சார், அவரு புடிக்கத்தான் போனாரு. நான் பாத்தேன்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீ பாக்கலம்மா. நீ ஆபீஸ்ல இருந்த. டைப் பண்ணு” என்றார்.

நல்ல மனிதர்தான் அவர். என் பிறந்தநாளுக்குப் பேனா வாங்கிக் கொடுத்தவர். அதனால்தான் அந்தப் பேச்சு எனக்கு அதிகமாக உறைத்தது. டைப் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் தொழிலாளர்கள் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. பழைய கோரிக்கைகளோடு, தவமணியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது.

ஆபீஸ் ஆட்களுக்குச் சங்கம் கிடையாது. வராதவர்களுக்கு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். என் சம்பளத்தில்தான் தம்பி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். ஆகவே பஸ் ஸ்டாண்டு அருகே காலையில் நிற்கும் வேனில் ஏறினேன். அந்த வேன்தான், ஆரம்பத்தில் சொன்னேனே, பேச்சியம்மா மறித்த வேன்.

கோரிப்பாளையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

“ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா பேட்டி. எங்க வீட்டுல ஒன்னையப் பாக்கணும்ங்கிறா” என்றார் காதர் பாய். தர்காவுக்குப் பின்னால் சின்ன வீடு. போனால், அங்கே தவமணி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பாயின் மனைவி இரண்டு பேருக்கும் டீயைக் கொடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அரிசி புடைக்க உட்கார்ந்துகொண்டார்.

“அன்னைக்கு மொகத்தத் திருப்புனது உங்களுக்காகத்தான். நான் பாத்துச் சிரிச்சா, ரெண்டு பக்கத்து ஆளுகளும் உங்களப் பிச்சுப்புடுவாங்க” என்றார்.

“அது கெடக்கட்டும். விசாரணையில நான் பாத்தேன்னு ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க? சாட்சியா என் பேரக் குடுங்க.”

“குடுத்தா உங்க வேலை போயிரும்.”

“உங்க வேலை போகுதே?”

“எனக்குப் பின்னால அம்புட்டுப் பேரு நிக்கிறாக. உங்களுக்குப் பின்னால யாரு நிக்கிறா?”

அவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: “அப்பறம் இன்னொண்ணு. உங்களக் கூப்பிட்டா மொத வேலையா, ‘ரெண்டு பேருக்கும் என்ன?’ன்னுதான் கேப்பாங்க. ஏதோ இருக்குன்னு தெரிஞ்சா நீங்க கண்ணால கண்டதக்கூடப் பொய்யின்னு தள்ளிருவாங்க.”

“என்னன்னு கேட்டா என்ன சொல்லணும்?” என்று கேட்டேன்.

டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். “வாரேன்” என்று பாயிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பாய்தான் சொன்னார்: “நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாதவன் ஒரு பொண்ணுகிட்ட என்னத்தம்மா சொல்லுவான்?”

பென்சிலைக் கீழே வைத்தேன்

தொழிற்சாலைக்குள் தவமணியை விடமாட்டார்கள் என்பதால் விசாரணையை மேலமாசி வீதியில் ஒரு லாட்ஜின் மாடி அறையில் வைத்தார்கள். விசாரிக்க ஒரு வக்கீலை நியமித்திருந்தார்கள். நிர்வாகத்தின் சார்பில் பெர்சனல் ஆபீசர். நடப்பதை எழுத நான்.

ராமலிங்கம் நெற்றித் தழும்போடு வந்து, “தள்ளிவிட்டான்” என்றார். சொல்லும்போது தவமணியைப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு பேர் காலரைப் பற்றிச் சொன்னார்கள். அன்றைய ஷிப்டில் தவமணி வேலையில் இருந்தார் என்று காதர் பாய் சொன்னார். எல்லாவற்றையும் எழுதினேன்.

வக்கீல் தவமணியைக் கேட்டார்: “உங்க தரப்புல சாட்சி யாரும் உண்டா?”

“இல்லைங்க.”

‘இல்லை’ என்று நான் எழுத வேண்டும். பென்சிலைக் காகிதத்தில் வைத்தேன். எழுதாமல் பென்சிலைக் கீழே வைத்தேன்.

“நான் பாத்தேன் சார்” என்றேன்.

யார் பேசியது என்று வக்கீல் அறை முழுக்கப் பார்த்தார். அதுவரை அந்த அறையில் நான் வாயே திறந்ததில்லை. பெர்சனல் ஆபீசர் எழுந்து, முடியாது, கூடாது என்றார். தவமணியும், “அவுக வேண்டாம்யா” என்றார். நிர்வாகமும் தொழிலாளியும் அந்தத் தகராறு முழுவதிலும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வக்கீல் வயசானவர். யோசித்துவிட்டு, “பாத்தேன்னு ஒருத்தர் சொன்னதுக்கப்பறம் கேக்கலைன்னா நாளைக்குக் கோர்ட்டுல என்னையக் கேப்பாங்க. ஆனா சாட்சி சொல்றவங்களே எழுதவும் முடியாது” என்றார். எழுதுவதற்குக் காதர் பாயை உட்கார வைத்தார்கள்.

பார்த்ததைச் சொன்னேன். எண்ணெய், படி, வழுக்கிய கால், பிறகு நீண்ட கை. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதன் பிறகு பெர்சனல் ஆபீசர் கேட்க ஆரம்பித்தார்.

“கப்பலூர் ரோட்டுல நீங்களும் இவரும் சேந்து நடந்து வர்றது உண்டா?”

“உண்டு சார்.”

“இவரு உங்களுக்கு வெள்ளரிப்பிஞ்சு குடுத்திருக்காரா?”

யாரோ சிரித்தார்கள். பாயின் பேனா நின்றுவிட்டது.

“குடுத்திருக்காரு. நல்ல பிஞ்சு” என்றேன்.

“சரி. உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவு?”

‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. அவரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை, நானும் அவரிடம் சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் என் சாட்சிக்குக் கொஞ்சம் மதிப்பும் இருந்திருக்கும். ஆனால் அவர் அங்கே, மூன்றடி தள்ளி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் அந்த வார்த்தை விழுவதை நான் விரும்பவில்லை.

“அவரு எங்கிட்ட இன்னும் எதுவும் கேக்கல சார். கேட்டா, சரின்னு சொல்லுவேன்.”

தவமணி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதுங்க” என்றார் வக்கீல்.

“இதை எப்படிங்க எழுதுறது?” என்றார் காதர் பாய்.

“அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க.”

“அதுக்கும் அவரு கால் வழுக்குனதுக்கும் சம்பந்தமில்ல சார். வழுக்குனது வழுக்குனதுதான்” என்றேன். அதையும் எழுதினாரா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு முன்னமே வந்த செய்தி

மேலமாசி வீதிக்கும் சிம்மக்கல்லுக்கும் எவ்வளவு தூரம்? நான் போவதற்குள் செய்தி போய்விட்டது. அம்மா அழுதிருந்தார். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

“ஆபீஸ் ஆளுக அம்புட்டுப் பேருக்கு முன்னால சொன்னத, வீட்டுல சொல்ல ஒனக்கு வாய் வரலையா?”

“எனக்கே அங்க வச்சுத்தான்ப்பா தெரிஞ்சுச்சு.”

உண்மையைத்தான் சொன்னேன். அப்பா அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிடுவதுகூடத் தம்பி மூலமாகத்தான்.

வேலை அந்த வாரமே போயிற்று. நான் இன்னும் நிரந்தரமாகாதவள். காரணம் சொல்லத் தேவையில்லை. என் சாட்சியை, அவர்மேல் அக்கறை உள்ளவரின் சாட்சி என்று சொல்லி ஏற்க மறுத்தார்கள். தவமணி எச்சரித்தபடியே நடந்தது. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

எனக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்தது. சங்கத்தில் சிலர், “ஆபீஸ் பொண்ணோட பழக்கம் வச்சிருக்கான். நம்ம பேசுறதெல்லாம் அங்க போயிருக்கும்” என்று கிளப்பிவிட்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். இதைப் பேச்சியம்மாதான் வீடு தேடி வந்து சொன்னார். “நான் கேட்டேன், அந்தப் புள்ள வேலையவே விட்டுட்டு வந்துல்லடா சொல்லிருக்கு, வெவரங்கெட்ட பயலுகளா, அப்பிடின்னு. ஆம்பளைக எங்க காது குடுக்குறாக?” என்றார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வேனில் அன்று பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

தவமணி வரவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. நான் அந்தப் பதிலைச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துப் பார்த்தால், எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. கேட்டதில் பாதி கிடைத்தது. எல்லாரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், தவமணியைத் தவிர. அவர் விஷயத்தை லேபர் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டன. அந்த வழக்கு எத்தனையோ வருஷம் நடந்து அவருக்குச் சாதகமாகத்தான் முடிந்தது. லாட்ஜ் மாடியில் ஒதுக்கிய என் சாட்சியைக் கோர்ட்டில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதெல்லாம் ரொம்பப் பின்னால்.

கேட் திறந்த காலை

தொழிற்சாலை திறந்த அன்று காலை நான் கண்ணாடி முன்னால் தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். வடக்குமாசி வீதியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். அன்றுதான் முதல் நாள். அப்பா வாசலருகே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“யாரு?” என்று அப்பா கேட்கும் குரல் வந்தது.

“தவமணிங்கய்யா.”

பேப்பர் மடிக்கப்படும் சத்தம். “உள்ள வாங்க.”

வெள்ளைச் சட்டை, வேட்டி. கையில் எதுவும் இல்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“இன்னைக்குக் கேட்டத் தொறந்துட்டாகய்யா. அம்புட்டுப் பேரும் உள்ள போயிட்டாக. என்னைய மட்டும் வேண்டாம்னுட்டாக” என்றார். “ஸ்டிரைக் நடக்கையில நான் இங்க வந்திருந்தா, உங்க மக சொன்ன சாட்சிக்கு ஆளுக்கொரு கத கட்டியிருப்பாங்க. அதான் முடியட்டும்னு இருந்தேன்.”

“எங்கிட்ட என்ன கேக்க வந்தீங்க?” என்றார் அப்பா.

“உங்ககிட்டயும் கேக்கணும்யா. ஆனா மொதல்ல இவுககிட்டக் கேக்கணும். கேட்டா சரின்னு சொல்லுவேன்னு அம்புட்டுப் பேரு முன்னால சொன்னாக. நான் இன்னும் கேக்கவே இல்ல.”

என் பக்கம் திரும்பினார். நான் சீப்பும் கையுமாக நின்றேன்.

“என்னையக் கட்டிக்கிறீகளா?”

“சரி” என்றேன்.

அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா மடித்த பேப்பரை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

“வேலையும் இல்ல. எங்க ஆளுக வேற, உங்க ஆளுக வேற. உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க?”

“எங்கப்பா சண்டைக்கெல்லாம் வரமாட்டாருய்யா. பேச்ச நிறுத்திக்குவாரு. நாள்கணக்கா பேசமாட்டாரு.”

“அதுல நானும் கொறஞ்சவன் இல்ல” என்றார் அப்பா. பல வாரங்களுக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“இப்பப் போனா உங்கப்பா எங்க இருப்பாரு?”

“பருத்திக் காட்டுலதான்யா இருப்பாரு.”

“வாங்க. செக்கானூரணி பஸ் எங்க நிக்கும்னு காட்டுங்க.”

“இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?” என்றார் அம்மா.

“தம்பிகிட்ட லீவு லெட்டர் குடுத்துவிடு” என்று சொல்லிக்கொண்டே அப்பா செருப்பை மாட்டினார். காய்ச்சலில்கூட லீவு போடாத மனிதர்.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தார்கள். அப்பா முன்னால், அவர் ஓரடி பின்னால். பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நேரமாகிவிட்டது. முதல் நாளே தாமதமாகப் போகக்கூடாது என்று எதிர்ப்பக்கமாக வேகமாக நடந்தேன்.

இன்ஸ்டிட்யூட் படியேறும்போதுதான் தெரிந்தது. தலையில் ஒரு பக்கம் பின்னாமலே வந்திருந்தேன்.